நிறைவேறாத சார்புகள்: லினக்ஸ் புதுப்பிப்பின் கணக்கும் அது மலையேறும் வழியும்

கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகி அணைக்கும் மணிமுக்தா அணைக்கும் வந்து சேர்ந்து, அங்கிருந்து வாய்க்கால்கள் வழியாகக் கள்ளக்குறிச்சிச் சமவெளியின் ஏரிகளுக்குப் பிரிகிறது. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். மேலே என்ன நிலவரம் என்று விசாரிக்காமல் எந்த நீர்க்கட்டியும் தன் மடையில் கை வைப்பதில்லை. லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கும்போதும் இப்படி ஒரு விசாரணை நடக்கிறது. இந்த மென்பொருளுக்கு வேறெது வேண்டும், அதற்கு முன்னால் எது வேண்டும், இருப்பதில் எதோடு இது ஒத்துப்போகாது என்று கணினியே கேட்டு, கணக்குப் போட்டு, ஒரு பட்டியலை நீட்டி, தொடரலாமா என்கிறது.

பெரும்பாலும் தொடரலாம். சில நாள் மட்டும் கணக்கு உதைக்கும். ‘பின்வரும் பேக்கேஜ்களின் சார்புகள் நிறைவேறவில்லை’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும். லினக்ஸ் பழகிய எவரும் அந்த வரியை ஒரு தடவையாவது வெறித்துப் பார்த்திருப்பார். அந்தச் சார்புகள் ஏன் நிறைவேறாமல் போகின்றன? அது கணக்கின் குறையா, கணக்குக்குத் தரப்பட்ட தகவலின் குறையா, தகவல் வந்து சேரும் வழியின் குறையா? முப்பது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கணக்குப் பகுதி ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. பராமரிப்பும் வழியும்தான் இன்னும் பாக்கி என்பது என் முடிவு. அதற்கு வந்த விதத்தைச் சொல்கிறேன்.

இது யாருடைய கேள்வி

லினக்ஸ் என்றால் பெங்களூரு, சென்னை மென்பொருள் நிறுவனங்களின் சமாசாரம் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டோடு செல்லாமல் போனது. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. தொடக்க ஆண்டுகளில் தரப்பட்டவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இந்த இயங்குதளம் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டது. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். ஆக சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பிள்ளைகளின் பைகளில் டெபியனின் ஒரு வாரிசு, அவர்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ, வீடு வந்து சேர்ந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. பின்னால் வந்த 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு இடம்பிடித்தது. 12ஆம் வகுப்பில் பைத்தான் வந்தது. சூசே ஒரு குடும்பம். டெபியன், பாஸ், உபுண்டு இன்னொரு குடும்பம். பேக்கேஜ்களைக் கையாளும் முறையில் இரண்டும் வேறு வேறு மரபுகள். இரண்டையும் தமிழ்நாட்டு அரசு அமைப்புகள் தொட்டிருக்கின்றன. அதனால் இது நம் ஊர்க் கேள்வியும்தான்.

ஒரு பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது

தமிழில் பொதி என்றும் தொகுப்பு என்றும் எழுதுகிறார்கள். பேச்சில் பேக்கேஜ்தான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நிரலின் கோப்புகள், அவை எங்கெங்கே போய் உட்கார வேண்டும் என்ற விவரம், நிறுவும்போது ஓட வேண்டிய சிறு கட்டளைகள், இவற்றோடு ஒரு அறிமுகச் சீட்டு. இத்தனையும் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டிருப்பதுதான் பேக்கேஜ். சார்பு பற்றிய எல்லாமே அந்தச் சீட்டில் எழுதியிருக்கிறது.

தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய விரும்பும் ஒருவர் உபுண்டுவில் ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டுகிற விசையைத் தமிழ் எழுத்தாக மாற்றுவதற்கு அது எம்17என் என்ற நிரலகத்தை நம்பியிருக்கிறது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை எம்17என்-டிபி என்ற வேறொரு பேக்கேஜில் இருக்கிறது. தமிழ்99 ஒழுங்கு உட்கார்ந்திருப்பது அங்கேதான். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஐபஸ் என்ற பொது உள்ளீட்டு அமைப்பு. அதற்கும் கீழே சி நிரலகம். கேட்டது ஒன்று, வந்து இறங்கியது ஒரு குடும்பம்.

ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டியதையெல்லாம் தானே சுமந்து வந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று தோன்றும். ஆனால் பத்து நிரல்கள் ஒரே நிரலகத்தைப் பகிர்ந்தால் வட்டில் இடம் மிச்சம், நினைவகம் மிச்சம். அதைவிடப் பெரிய ஆதாயம் பாதுகாப்பு. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டபோது, அதைப் பகிர்ந்துகொண்ட அத்தனை நிரல்களும் ஒரே ஒரு பேக்கேஜைப் புதுப்பித்ததில் காப்பாற்றப்பட்டன. பகிர்வதன் ஆதாயம் அது என்றால், பகிர்வதன் விலைதான் சார்பு.

டெபியன் சீட்டில் உறவுகள் பலவகை. ‘இது இல்லாமல் நான் இயங்கமாட்டேன்’ என்பது கட்டாயச் சார்பு. ‘இது முழுதாக அமைந்து முடியும்வரை என்னைப் பிரிக்கவே வேண்டாம்’ என்பது முன்சார்பு. ‘இருந்தால் நல்லது’ என்பது பரிந்துரை. ‘வேண்டுமானால் பாருங்கள்’ என்பது யோசனை. ‘இவனோடு ஒரே பந்தியில் உட்காரமாட்டேன்’ என்று சொல்லும் முரண் உறவும் உண்டு. எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இரண்டு அஞ்சல் சேவையகங்கள் அப்படிப்பட்டவை. இரண்டுமே ‘அஞ்சல் அனுப்பி’ என்ற பொதுப்பெயருக்கு ஆள் தருகின்றன. வேறொரு பேக்கேஜ் ‘யாராவது ஒரு அஞ்சல் அனுப்பி வேண்டும்’ என்று மட்டும் கேட்கலாம். யாரைத் தருவது என்பது கணினியின் பாடு.

களஞ்சியம் வந்த கதை

டெபியன் திட்டத்தை இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் அறிவித்தார். டிபிகேஜி என்ற கருவி 1994இல் பிறந்தது. ரெட் ஹேட் 1995இல் ஆர்பிஎம்மைக் கொண்டுவந்தது. இரண்டும் சீட்டைப் படிக்கத் தெரிந்தவை. சார்பு இல்லையென்றால் நிறுவ மறுக்கவும் தெரியும். ஆனால் இல்லாததைத் தேடிக் கொண்டுவரத் தெரியாது. பயனர் ஒரு ஆர்பிஎம் கோப்பை இறக்கினால் அது இரண்டைக் கேட்கும். அந்த இரண்டும் ஐந்தைக் கேட்கும். ஐந்தில் ஒன்று முதலில் இறக்கியதன் வேறு பதிப்பைக் கேட்கும். ‘சார்பு நரகம்’ என்ற பெயர் அந்த நாட்களில் நிலைத்தது.

அதற்கு மருந்தாக வந்தது களஞ்சியம் என்ற ஏற்பாடு. பேச்சு வழக்கில் ‘ரெப்போ’. இயங்குதளத்தை வெளியிடுபவர்களே எல்லாப் பேக்கேஜ்களையும் ஒரே இடத்தில் குவித்து, அவற்றின் சீட்டுகளை மட்டும் தனிப்பட்டியலாகத் தொகுத்து வைப்பார்கள். பட்டியலைப் படித்துக் கணக்குப் போட்டு, வேண்டியதை இறக்கி, டிபிகேஜியிடம் ஒப்படைக்கிற மேல்நிலைக் கருவியாக ஏபிடி 1998இல் உருவாகி, 1999இல் டெபியன் 2.1ஓடு பரவியது. ஆர்பிஎம் குடும்பத்துக்கு அதே வேலையை யம் செய்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் சேத் விடால் முன்னின்று வளர்த்தது அது. அதன் வாரிசான டிஎன்எஃப் 2015இல், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபெடோரா 22இன் இயல்புக் கருவியானது.

களஞ்சியத்தைப் பெரிய கிடங்கு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 69,830 பேக்கேஜ்கள். இத்தனையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று யாரோ சோதித்துப் பார்த்து உறுதி சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பராமரிப்பாளரோ குழுவோ உண்டு, பெரும்பாலோர் தன்னார்வலர்கள். கணினி போடுகிற கணக்குக்கு மூலதனம் இவர்கள் எழுதிய வாக்குறுதிகள்.

கணக்கு எவ்வளவு கடினம்

ஒரு பேக்கேஜை நிறுவ முடியுமா முடியாதா என்று சொல்வது பார்வைக்கு எளிது. ‘அது அல்லது இது’ என்ற தெரிவும் ‘இதுவும் அதுவும் சேராது’ என்ற முரணும் கலந்தவுடன் எளிமை போய்விடுகிறது. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த எடோஸ் ஆய்வுத் திட்டத்தில் ரொபெர்ட்டோ டி காஸ்மோவும் உடன் பணியாற்றியோரும் 2006 வாக்கில் இதைக் கணித நிரூபணத்தோடு காட்டினார்கள். பேக்கேஜ் நிறுவும் கேள்வி, தருக்க வாய்பாடு ஒன்றை உண்மையாக்க வழி உண்டா எனக் கேட்கும் ‘சாட்’ கேள்விக்கு இணையானது என்பது அவர்கள் முடிவு. கணினி அறிவியலில் மிகக் கடினம் என்று பெயர்பெற்ற வகுப்பு அது. எல்லா நேரத்திலும் வேகமாக விடை தரும் வழி எதுவும் இதுவரை யாருக்கும் தெரியாது.

அப்படியானால் நம் கணினிகள் எப்படிச் சில நொடிகளில் விடை சொல்கின்றன? நடைமுறையில் வரும் கணக்குகள் மிக மோசமான வகையைச் சேர்ந்தவை அல்ல என்பது ஒரு காரணம். ஒரு களஞ்சியத்தில் பெரும்பாலும் ஒரு பேக்கேஜுக்கு ஒரே பதிப்புதான் இருக்கும், தெரிவுகள் குறைவு. ஏபிடியில் இந்தக் கணக்கைப் போடும் பழைய தீர்வி இதை நம்பி ஒரு குறுக்குவழியில் போனது. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் மதிப்பெண் போட்டு, முரண் வந்தால் மதிப்பு குறைந்ததைத் தள்ளும். வேகமானது, ஆனால் விடை இருந்தும் காணாமல் ‘முடியாது’ என்று சொல்லிவிடக்கூடியது.

சூசே குடும்பம் வேறு பாதையில் போனது. 2006இல் வந்த சூசே 10.1இன் பேக்கேஜ் கருவி பயனர்களிடம் கடும் விமர்சனம் வாங்கியது. அதிலிருந்து கற்றவர்கள், கேள்வி சாட் வகை என்றால் சாட் முறையிலேயே விடை தேடுவோம் என்று துணிந்தார்கள். 2008இல் ஓபன்சூசே 11.0இல் ஸிப்பர் என்ற பேக்கேஜ் கருவி அந்தத் தீர்வியோடு வந்தது. லிப்சால்வ் என்று பெயர் பெற்ற அந்த நிரலகத்தையே பிறகு ஃபெடோராவின் டிஎன்எஃப்பும் எடுத்துக்கொண்டது. ஏபிடி கடைசியாக வந்து சேர்ந்தது. 2025 ஏப்ரலில் வெளியான ஏபிடி 3.0, தவறான தெரிவிலிருந்து பின்வாங்கி வேறு வழி தேடத் தெரிந்த புதிய தீர்வியைக் கொண்டுவந்தது.

இந்தக் கட்டத்தில் கணக்குப் பகுதியை மூடிவிடலாம். கணக்கு கடினம் என்று நிரூபித்தாயிற்று. கடினம் என்று தெரிந்தபின் அதற்கேற்ற கருவிகளும் வந்தாயிற்று. எடோஸ் ஆய்வின் இன்னொரு பலன் நடைமுறையில் இதைவிடப் பெரிது. களஞ்சியத்தில் எந்தெந்தப் பேக்கேஜ்களை எந்த வழியிலும் நிறுவ முடியாது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கருவிகள் அதிலிருந்து பிறந்தன. அவற்றின் வழிவந்த கருவிகளை டெபியன் இன்றும் பயன்படுத்துகிறது. பிழையைப் பயனரின் திரையில் காட்டுவதற்கு முன்பே பராமரிப்பாளரின் மேசையில் காட்டும் ஏற்பாடு அது.

புதுப்பிக்கும்போது நடப்பது

‘ஏபிடி அப்டேட்’ என்றதும் கணினி எதையும் புதுப்பிப்பதில்லை. பட்டியலை மட்டும் புதிதாக வாங்குகிறது. பட்டியலில் களஞ்சியத்தின் மின்னொப்பம் இருக்கும். ஒப்பம் சரியானால் பட்டியலை நம்பும். பட்டியலில் உள்ள சரிபார்ப்பு எண்ணோடு பொருந்தினால் பேக்கேஜை நம்பும். அதனால்தான் பேக்கேஜ் எந்த வழியில் வந்தது என்பது முக்கியமில்லாமல் போகிறது. பென் டிரைவில் வந்தாலும் ஒப்பம் பேசும். மலைக்கிராமங்களைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்துக்குத் திரும்ப வருவோம்.

அடுத்துத்தான் புதுப்பிப்பு. ‘ஏபிடி-கெட் அப்கிரேட்’ என்பது மிகவும் அடக்கமான கட்டளை: புதிய பேக்கேஜ் எதையும் சேர்க்காது, இருப்பதில் எதையும் நீக்காது. ‘ஏபிடி அப்கிரேட்’ தேவையானால் புதியதைச் சேர்க்கும், நீக்காது. ‘ஃபுல்-அப்கிரேட்’ இரண்டையும் செய்யும். சில பேக்கேஜ்கள் ‘நிறுத்திவைக்கப்பட்டன’ என்று வருவதன் காரணம் பெரும்பாலும் இங்கே இருக்கிறது. இயங்குதளத்தின் கருவான கெர்னலின் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் தனிப் பெயரோடு வருகிறது. புதியதைச் சேர்க்க அனுமதியில்லாத கட்டளை அதைத் தொட முடியாமல் நிறுத்திவைக்கிறது. உபுண்டுவில் இன்னொரு காரணமும் உண்டு. சில புதுப்பிப்புகளை முதலில் ஒரு பகுதிக் கணினிகளுக்கு மட்டும் விட்டு, கோளாறு எதுவும் வரவில்லை என்று பார்த்த பிறகே மற்றவற்றுக்குத் திறப்பார்கள்.

இறக்கி முடித்ததும் வரிசை முக்கியமாகிறது. ஒவ்வொரு பேக்கேஜும் முதலில் பிரிக்கப்படும், பிறகு அமைக்கப்படும். சார்ந்திருப்பது அமைந்த பிறகே சார்ந்தது அமையும். ஒவ்வொரு படியின் நிலையையும் டிபிகேஜி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போகிறது. நடுவில் மின்சாரம் போனால்? தமிழ்நாட்டில் 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில் கணினி வைத்திருந்தவர்களுக்கு இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. மின்சாரம் வந்ததும் சில பேக்கேஜ்கள் பிரித்த நிலையிலும் சில பாதி அமைந்த நிலையிலும் நிற்கும். குறிப்பேடு இருப்பதால், ‘விட்ட இடத்திலிருந்து அமைத்து முடி’ என்ற பொருளுள்ள கட்டளையை டிபிகேஜிக்குக் கொடுத்து, பிறகு ஏபிடியிடம் ‘உடைந்ததைச் சரிசெய்’ என்றால் பல நேரங்களில் கணினி எழுந்துவிடும். ஆனால் கட்டளை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் இல்லாத இடத்தில் பழுது ஒரு வரித் திருத்தமாக இருந்தாலும் கணினி அலமாரிக்குப் போய்விடுகிறது.

கணக்கு உடையும் இடங்கள்

ஒரே களஞ்சியத்துக்குள் இருக்கும்வரை சிக்கல் அரிது. வேலியைத் தாண்டும்போதுதான் தொடங்குகிறது. இணையதளம் ஒன்றிலிருந்து தனியாக இறக்கிய பேக்கேஜ் எந்தக் களஞ்சியத்தின் வாக்குறுதிக்குள்ளும் வராது. ஓபன்எஸ்எஸ்எல் இதற்கு நல்ல உதாரணம். அதன் 1.1 பதிப்பும் 3 பதிப்பும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. ஆகவே பேக்கேஜின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். உபுண்டு 22.04உம் டெபியன் 12உம் 3க்கு மாறியதும், பழைய 1.1ஐக் கேட்ட வெளிப் பேக்கேஜ்கள் நின்றுபோயின. பலர் பழைய களஞ்சியத்திலிருந்து 1.1ஐ இறக்கிக் கையால் ஒட்டினார்கள். வேலை நடந்தது, ஆனால் அந்த நிரலகத்துக்கு 2023 செப்டம்பரோடு பொது ஆதரவு முடிந்துவிட்டது. இனி அதில் ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆள் வரமாட்டார்.

2024இல் இதைவிடப் பெரிய பெயர்மாற்றம் நடந்தது. 32 பிட்டில் நேரத்தை எண்ணும் கணினிகளின் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழியும். அதைத் தவிர்க்க டெபியனும் உபுண்டுவும் ஏராளமான நிரலகங்களை மறுபடி கட்டி, பெயரின் கடைசியில் ‘டி64’ என்று சேர்த்தன. களஞ்சியத்துக்குள் இருந்தவை பெரும்பாலும் சேர்ந்து நகர்ந்தன. பழைய பெயரைக் கேட்ட வெளிப் பேக்கேஜ்கள் மறுபடி ‘நிறைவேறாத சார்பு’ என்றன.

பைத்தான் படிக்கும் மாணவர் சந்திப்பது வேறொரு மோதல். பைத்தானுக்கு பிப் என்ற தனி மேலாளர் உண்டு. அது ஏபிடியைக் கேட்காமல் கோப்புகளை மாற்றிவிடும். ஒரே வீட்டில் இரண்டு சாவிக்கொத்து. டெபியன் 12இலிருந்து பிப் கணினியின் பொது இடத்தில் நேரடியாக நிறுவ முயன்றால் தடுக்கப்படுகிறது. தனிச்சூழல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளச் சொல்கிறது. எரிச்சலூட்டும் செய்திதான், ஆனால் நியாயமானது.

கணக்குச் சரியாக இருந்தும் விளைவு கெட்டுப்போகலாம். 2021 நவம்பரில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப்!_ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப்போனார். களஞ்சியத்தில் அப்போது சில நிரலகங்களின் பதிப்புகள் ஒத்துப்போகாமல் இருந்தன. ஸ்டீமைக் கொடுக்க வேண்டுமானால் மேசைத்தள அமைப்பையே நீக்க வேண்டும் என்பது தீர்வி கண்ட விடை. எச்சரிக்கை வந்தது, ‘நான் சொன்னபடி செய்’ என்ற பொருள் கொண்ட ஆங்கில வாக்கியத்தை முழுதாகத் தட்டச்சு செய்தால் மட்டும் தொடரும் என்றது. அவர் தட்டச்சு செய்தார், திரை போனது. அதன்பின் ஏபிடி அந்த வாசலை இயல்பில் மூடிவிட்டது. தீர்வி கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தது. பிழை களஞ்சியத்தின் நிலையில் இருந்தது.

2024 மார்ச் 29 அன்று வெளியான எக்ஸ்இசட் விவகாரம் இதைவிட ஆழமானது. சுருக்கக் கோப்புகளைக் கையாளும் அந்தச் சிறு திட்டத்தைத் தனியாளாகச் சுமந்து களைத்திருந்த பராமரிப்பாளருக்கு, ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசலை வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எச் நேரடியாக அந்த நிரலகத்தைக் கேட்பதே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்றவை ஓபன்எஸ்எஸ்எச்சை, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு இணைத்திருந்தன. சிஸ்டம்டி எக்ஸ்இசட்டைச் சார்ந்திருந்தது. உறவுக்காரரின் உறவுக்காரர் வழியாக வந்த திருடன். உள்நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். டெபியனின் நிலைப்பதிப்புக்கு அது வருவதற்குள் தடுக்கப்பட்டது. சார்புகள் எல்லாம் ஒழுங்காக நிறைவேறியிருந்தன. எந்தத் தீர்வியாலும் இதைப் பிடித்திருக்க முடியாது.

வேறு பள்ளிகள்

பகிர்வதே தொல்லை என்று கருதுவோர் வேறு வழிகளைத் திறந்திருக்கிறார்கள். ஸ்னாப், ஃபிளாட்பேக் ஆகியவற்றில் ஒரு செயலி தனக்கு வேண்டிய நிரலகங்களில் பெரும்பகுதியைத் தன்னோடோ பொதுவான ஓர் அடித்தளத்தோடோ கொண்டுவருகிறது. கணினியின் மற்றப் பகுதிகளோடு சண்டை குறையும்; இறக்க வேண்டிய அளவு கூடும். நகரத்து ஃபைபர் இணைப்பில் அது பொருட்டில்லை. கைப்பேசி டேட்டாவைப் பகிர்ந்து கணினி பார்ப்பவருக்கு அதுதான் முதல் பொருட்டு. உபுண்டு 22.04இல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாக மாறியபோது எழுந்த முணுமுணுப்பில் இதற்கும் பங்குண்டு.

எல்கோ டோல்ஸ்ட்ரா 2003 வாக்கில் தொடங்கிய நிக்ஸ் இன்னும் தீவிரமானது. ஒவ்வொரு பேக்கேஜின் ஒவ்வொரு பதிப்பும் தனிக் கோப்புறையில் தனி அடையாளத்தோடு இருக்கும். பழையதன்மேல் புதியது எழுதப்படுவதே இல்லை. புதுப்பிப்பு கெட்டால் முந்தைய தலைமுறைக்குத் திரும்பலாம். மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வட்டில் இடம் வேண்டும், கற்றுக்கொள்ளப் பொறுமையும் வேண்டும். ஓபன்சூசே கோப்புமுறையின் நிழற்படங்களை வைத்து இதே திரும்பும் வசதியைத் தருகிறது. ஒவ்வொரு பள்ளியும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறது. பழைய மடிக்கணினியும் மெலிந்த இணைப்பும் உள்ளவருக்கு டெபியன் மரபின் சிக்கனம் இன்னும் பொருந்தி வருகிறது என்றே நினைக்கிறேன்.

மலையேறும் வழி

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் சாலை ஏறும்போது கைப்பேசியின் சிக்னல் கோடுகள் குறையும். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஒரு பழைய லினக்ஸ் கணினியை எழுப்பினால் முதலில் வருவது சார்புச் சிக்கலாக இருக்காது. ‘களஞ்சியம் கிடைக்கவில்லை’ என்பதாகவே இருக்கும்.

அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, இணைப்பு. மற்றொன்று, காலம். டெபியனின் ஒரு நிலைப்பதிப்புக்கு மூன்று ஆண்டு ஆதரவு, அதன்மேல் இரண்டு ஆண்டு நீட்டிப்பு. அது முடிந்ததும் பேக்கேஜ்கள் வழக்கமான இடத்திலிருந்து பழைய ஆவணக் கிடங்குக்குப் போய்விடும். கணினியில் எழுதியிருக்கும் முகவரியில் எதுவும் இருக்காது. டெபியனில் பதிப்புகளைத் தாண்டிக் குதிக்கவும் கூடாது. ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். ஐந்தாறு பதிப்பு பின்தங்கிய கணினிக்கு அது நீண்ட படிக்கட்டு. புதிதாக நிறுவுவதே மேல். கணினி 32 பிட் என்றால் அந்த வழியும் குறுகிவிட்டது. டெபியன் 13 பழைய 32 பிட் கணினிகளுக்கான நிறுவியையும் கெர்னலையும் நிறுத்திவிட்டது. பாஸ் போல இன்னொரு இயங்குதளத்தின்மேல் கட்டியவற்றில் தாய்க் களஞ்சியமும் சேய்க் களஞ்சியமும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டிய கூடுதல் கடமையும் உண்டு.

இணைப்பு இல்லாத சிக்கலுக்கு விடை இந்தியாவிலிருந்தே வந்திருக்கிறது. ரிதேஷ் ராஜ் சராஃப் என்ற டெபியன் உருவாக்குநர் எழுதிய ஏபிடி-ஆஃப்லைன், இணைப்பில்லாத கணினிக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, இணைப்புள்ள ஒரு கணினியில் கொடுத்தால், அது விண்டோஸாக இருந்தாலும் சரி, வேண்டிய பேக்கேஜ்களை இறக்கிக் கட்டித்தரும். மேலே கொண்டுபோய் நிறுவலாம். மின்னொப்பமுள்ள பட்டியலோடு பேக்கேஜ் ஒப்பிடப்படுவதால் வழியில் யார் கை பட்டாலும் கவலையில்லை என்று முன்பு சொன்னது இதற்குத்தான். ஒரு பஸ் பயணம் ஒரு நெட்வொர்க் ஆகிவிடுகிறது.

பத்து, இருபது கணினிகள் உள்ள பள்ளி ஆய்வகத்துக்கு இன்னொரு எளிய வழி: ஏபிடி-கேச்சர்-என்ஜி. ஒரு கணினி இறக்கியதைச் சேமித்துவைத்து மற்றவற்றுக்குப் பரிமாறும். ஒவ்வொன்றும் 300 எம்பி இறக்க வேண்டிய நாளில் இருபது கணினிகளுக்கு 6 ஜிபி ஆகும்; கேச்சர் இருந்தால் ஏறக்குறைய 300 எம்பியோடு முடியும். செலவு ஒரு பழைய கணினி, ஒரு மாலைப்பொழுது.

இவை எதுவும் தானாக நடக்காது. பக்கத்து மாநிலத்தில் கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தைத் தொடர்ந்து பராமரித்து வெளியிடுகிறது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. அங்கே லினக்ஸ் பள்ளிகளில் நிலைத்ததற்கு அந்தத் தொடர்ச்சிதான் காரணம். தமிழ்நாட்டில் கணினி கொடுப்பதில் காட்டிய வேகம், கொடுத்த கணினிக்கு ஐந்தாண்டு கழித்துக் களஞ்சியம் எங்கே என்று கேட்பதில் இல்லை. அந்த இடைவெளியைத் தன்னார்வலர்கள் முடிந்தவரை அடைக்கிறார்கள். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. கட்டளை தெரிந்த அந்த ஒருவரை உருவாக்கும் வேலை இத்தகைய இடங்களில்தான் நடக்கிறது.

முடிவாக

முப்பது ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் மூன்று கட்டங்கள் தெரிகின்றன. முதலில் சார்பைச் சொல்லத் தெரிந்தது, பிறகு தேடிக் கொண்டுவரத் தெரிந்தது, கடைசியில் சரியாகக் கணக்குப் போடவும் தெரிந்துவிட்டது. எக்ஸ்இசட்டிலும் ஸ்டீம் விவகாரத்திலும் ஓபன்எஸ்எஸ்எல் ஒட்டுவேலையிலும் கணக்கு தவறவில்லை. கணக்குக்குக் கீழே இருந்த மனித ஏற்பாடு தளர்ந்திருந்தது. ஆகவே இனி ஒரு துறையோ பள்ளியோ லினக்ஸ் கணினி வாங்கும்போது எந்த இயங்குதளம் என்பதோடு மேலும் மூன்று கேள்விகளையும் ஒப்பந்தத்தில் எழுதிவைக்க வேண்டும். இதன் களஞ்சியம் எந்த ஆண்டுவரை திறந்திருக்கும்? இந்தக் கட்டடத்துக்கு அது எந்த வழியாக வரும்? அது நின்றால் பார்க்க வருபவர் யார்?

ஏரிகளுக்கு இந்த மூன்று கேள்விகளும் பழையவை. அணை எப்போது திறக்கும், வாய்க்கால் தூர்வாரியிருக்கிறதா, இந்த வருஷம் நீர்க்கட்டி யார் என்று கேட்காமல் கீழ் ஏரிப் பாசனக்காரர் யாரும் நாற்று விடுவதில்லை.